துவான் என்றொரு பெயரும் கொம்பனித்தெருவின் பழைய சிப்பாய்களும்

கொச்சிக்கடையில் நான் இடாப்பு வாசிக்கும்போது ஒரு பெயருக்கு மட்டும் வகுப்பில் சிரிப்பெழும். பெயரின் முன்னால் "துவான்" இருக்கிறது. "சேர், துவான் எண்டா என்ன?" என்று ஒருநாள் பின்வாங்கிலிருந்து கேள்வி வந்தது. பெயருக்குரிய பிள்ளைக்கே தெரியவில்லை. "வாப்பாட வாப்பாக்கும் அதுதான் சேர்" என்றான். வாப்பா மலாயர், உம்மா சோனகர், வீட்டில் பேசுவது தமிழ். துவான் என்பது மலாயில் 'ஐயா' என்பது போன்ற மரியாதைச் சொல். கிரிக்கட் வீரர் டில்ஷானுக்குப் பிறந்தபோது வைத்த பெயரிலும் துவான் இருந்தது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கொச்சிக்கடையிலிருந்து கோட்டையைத் தாண்டினால் கொம்பனித்தெரு. மலே வீதி, ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி என்று அங்குள்ள பெயர்ப்பலகைகளே பாதி வரலாற்றைச் சொல்லிவிடும். ஒல்லாந்தர் தம் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து இரண்டு வகையானவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். ஒரு வகை சிப்பாய்கள். மற்றது நாடுகடத்தப்பட்ட அரசர்களும் ஆலிம்களும். ஜாவாவின் அரசர் மூன்றாம் அமங்குராத் 1708இல் இங்கே அனுப்பப்பட்டு 1734இல் இந்த மண்ணிலேயே மௌத்தானார். மக்காசர் ஷெய்கு யூசுப் 1684இல் வந்து, சுமார் பத்து வருடங்களின் பின் தென்னாபிரிக்காவின் கேப்புக்கு அனுப்பப்பட்டார்.

1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்தபோது மலாய்ச் சிப்பாய்களையும் தம் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1803இல் கண்டியில் சிறைப்பட்ட கெப்டன் நூருத்தீன், மன்னர் பக்கம் மாற மறுத்துக் கொல்லப்பட்டார். யாருக்காக இந்த விசுவாசம் என்று இன்று கேட்பது இலேசு. சிப்பாய்க்கு அவன் கொடுத்த வாக்குத்தான் தெரியும். 1827இல் இந்தப் படை இலங்கை ரைபிள் ரெஜிமென்ட் எனப் பெயர் பெற்றது. அதன் சில பிரிவுகள் ஹொங்கொங்கில்கூடக் காவல் காத்தன.

1873இல் ரெஜிமென்டைக் கலைத்துவிட்டார்கள். செலவு ஒரு காரணம், புதிய மலாயரைச் சேர்க்க முடியாமற் போனது இன்னொன்று. கலைக்கப்பட்டவர்கள் எங்கே போவது? ஜாவா அவர்களுக்குப் பாட்டன் சொன்ன கதை மட்டுந்தான். பலர் பொலிசிலும் தீயணைப்பிலும் சிறைச்சாலைக் காவலிலும் சேர்ந்தார்கள், சிலர் தோட்டங்களுக்குப் போனார்கள். சீருடையைக் கழற்றி வேறொரு சீருடை போட்டதுதான் மிச்சம்.

கலைப்புக்கு ஒரு வருடம் முன்பு, 1872இல், கொழும்பு மலாய் கிரிக்கட் கழகம் தொடங்கியிருந்தது. இந்த நாட்டவர் தமக்கென அமைத்த கழகங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. தமிழ் யூனியனும் எஸ்.எஸ்.சி.யும் 1899இல்தான் வந்தன. அவர்கள் ஆடிய திடலுக்குப் பாடாங் என்று பேர். மலாயில் வெளி, திடல் என்று பொருள். படை கலைந்தபின் ஒருவரையொருவர் தேடிப்போக அவர்களுக்கு இரண்டு இடங்கள் மிஞ்சின: 1786இலிருந்து இருக்கும் வேகந்தைப் பள்ளிவாசலும் இந்தக் கழகமும். பள்ளிக்கு எல்லா முஸ்லிம்களும் வருவார்கள். பாடாங்கில்தான் மலாயர் மலாயராக இருந்தார்கள். 1922இல் அகில இலங்கை மலாயர் சங்கம் உருவானதற்கு இந்தப் பழக்கமும் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன். அதற்கு முந்திய வருடம் ஸாஹிராக் கல்லூரி அதிபரான ரீ.பீ. ஜாயாவும் மலாயரே. அவரை 'நம்மவர்' என்று சொல்லிச் சொல்லியே அவர் மலாயர் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் என்னை அதிகம் இழுப்பது அவர்களுடைய எழுத்து. ரெஜிமென்ட் ஆக்கள் பரக்கில் இருந்துகொண்டே ஹிகாயத்துகளையும் ஷஇர்களையும் கையால் பிரதி எடுத்தார்கள். பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற பத்திரிகையை வெளியிட்டார். உலகின் முதல் மலாய்ப் பத்திரிகை என்று அதைச் சொல்வார்கள். அறிஞர் சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' 1882இல்தான் வந்தது. சல்தீனின் பத்திரிகை அரபு எழுத்தில் எழுதிய மலாய். நாம் அரபுத்தமிழ் எழுதியதைப் போலத்தான். உயிர்க்குறிகள் இல்லாததால் அந்த எழுத்தை 'குண்டுல்', அதாவது மொட்டை, என்பார்கள். 1572இல் வண்ணப்பரிமளப்புலவர் பாடிய நம் ஆயிர மசலாவின் கேள்விகள் மலாயிலும் உண்டு.

பேச்சிலும் நம் வாடை இருக்கிறது. மலேசியாவில் "சாயா மக்கான் நாசி", அதாவது 'நான் சாப்பிடுகிறேன் சோறு' என்ற வரிசை. இங்குள்ள மலாயில் தமிழைப் போல நாசி முன்னுக்கு வரும், மக்கான் கடைசிக்குப் போகும். சொல் அவர்களுடையது, வாக்கியம் நம்முடையது.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பிள்ளை ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்தான். மூத்தவாப்பாவின் பெட்டியில் இருந்ததாம். குண்டுல் எழுத்து. அரபுத்தமிழ்ப் பழக்கத்தில் ஊகித்து ஊகித்து ஒரு பக்கத்தைக் கூட்டி வாசித்தேன். எனக்கு ஓசை மட்டும் வந்தது, பொருள் இல்லை. அவன் அதைப் போனில் பதிந்துகொண்டு போய் மூத்தும்மாவிடம் போட்டுக் காட்டியிருக்கிறான்.

"மூணு சொல் விளங்குதாம் சேர். மத்தப் பக்கத்தையும் வாசிக்கச் சொன்னாவு."