ஜீப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றதும் மானிட்டர், கீபோர்டு, மவுஸ்தான் நினைவுக்கு வரும். இவை எதுவும் இல்லாத கம்ப்யூட்டர்களும் உண்டு. அப்படி ஒன்று என்ன வேலை செய்கிறது என்று அறிய, அமெரிக்காவின் டொலீடோ நகரில் தயாரான இரண்டு ஜீப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று, இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை தயாரான வில்லிஸ் எம்.பி. மற்றது, 1997 மாடலாக வந்து 2006 வரை தயாரான ராங்ளர் டி.ஜே.

வில்லிஸில் 2.2 லிட்டர் என்ஜின், 60 குதிரை சக்தி, 6 வோல்ட் பேட்டரி. கம்ப்யூட்டர் கிடையாது. (டிரான்சிஸ்டரே 1947-ல்தான் வந்தது!) பெட்ரோலைக் காற்றுடன் கலப்பது கார்புரேட்டர். என்ஜின் காற்றை இழுக்கும்போது, ஜெட் என்ற சிறு துளை வழியே பெட்ரோலும் சேர்ந்து வரும். துளையின் அளவு மாறாது. சிக்கலே அதுதான். கொலராடோவில் இமோஜீன் கணவாய் 13,000 அடிக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. பெட்ரோல் விகிதம் கூடிவிடும். கரும்புகை வரும், இழுவை குறையும். செங்குத்தான சரிவில் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, என்ஜின் நின்றுவிடுவதும் உண்டு. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும்போது இது விளையாட்டல்ல.

ராங்ளரில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை இன்ஜெக்டர்கள் பீய்ச்சுகின்றன. எவ்வளவு என்று முடிவு செய்வது ஒரு கம்ப்யூட்டர். உங்கள் பிசி போலவே இதற்கும் இன்புட், ப்ராசஸ், அவுட்புட் உண்டு. கீபோர்டுக்குப் பதில் சென்சார்கள். உள்ளே வரும் காற்றின் அழுத்தம், என்ஜினின் வெப்பம், கிராங்க்ஷாஃப்ட் சுழலும் வேகம் ஆகியவற்றை இவை தெரிவிக்கும். மெமரியில் எக்ஸெல் ஷீட் போன்ற ஓர் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்று கணக்கிடும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், கலவை சரியா என்று சொல்ல, கணக்கு உடனே திருத்தப்படும். புரோகிராம் எழுதும் எனக்கு இந்த அவுட்புட்டே மீண்டும் இன்புட்டாகும் வித்தைதான் மிகவும் பிடித்தது.

ஆனால் பழுது வந்தால்? வில்லிஸில் ஸ்பார்க் வரவில்லை என்றால், காண்டாக்ட் பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துச் சமாளிக்கலாம். ராங்ளரில் கிராங்க்ஷாஃப்ட் சென்சார் போனால் ஸ்பார்க்கும் வராது, பெட்ரோலும் வராது. காட்டுக்குள் அதற்கு உப்புத்தாள் உதவாது.

பதிலுக்கு, ராங்ளர் வாய் திறந்து பேசும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களில் ஓ.பி.டி. 2 என்ற வசதி கட்டாயமானது. டாஷ்போர்டுக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் சிறு அடாப்டரைச் செருகி, லேப்டாப்பிலோ செல்போனிலோ பழுதுக் குறியீட்டைப் படிக்கலாம். உதாரணமாக பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். காரணம் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். குறியீட்டைப் பார்த்ததும் பாகத்தை வாங்க ஓடாதீர்கள்.

அழிப்பதற்கு முன் அதைக் குறித்து வையுங்கள். அழித்தால், பழுது நேர்ந்தபோது பதிவான வேகம், வெப்ப விவரங்களும் சேர்ந்தே போய்விடும்.