சிவகாசி நிலத்தடி நீரிலிருந்து தைராய்டு சுரப்பி வரை: நுண்ணளவுப் பொருள்களை நிறை நிறமாலைமானியால் அளவிடுதல்

திறவுச்சொற்கள்: பெர்குளோரேட், தைராக்சின், நிறை நிறமாலையியல், ஐசோடோப்பு நீர்த்தல், சிவகாசி.

முன்னுரை

பட்டாசு மருந்தில் ஆக்சிசனை வழங்கும் உப்புகளுள் பொட்டாசியம் பெர்குளோரேட்டும் ஒன்று. அதிலிருந்து பிரியும் பெர்குளோரேட் அயனி மண் துகள்களில் பெரிதும் ஒட்டுவதில்லை, எளிதில் சிதைவதுமில்லை, நீர் செல்லும் வழியெல்லாம் உடன் செல்கிறது. சிவகாசி, மதுரைப் பகுதி நீர்நிலைகளை ஆராய்ந்து தோமோஹிகோ இசோபே குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நிலத்தடி நீரில் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் வரை பெர்குளோரேட் இருந்ததைக் காட்டியது. சிவகாசியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளுள் 17, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கு முன்மொழிந்த 15 மைக்ரோகிராம் என்னும் வழிகாட்டு அளவைத் தாண்டின. மதுரை மாதிரிகளில் ஒன்றும் தாண்டவில்லை.

நீரைப் பற்றிய செய்தி இது. அந்நீரைப் பருகுவோர் உடலில் நிகழ்வதை அறிய, அளவிடும் கருவியை உடலை நோக்கித் திருப்ப வேண்டும். அங்கே அளவு மிகச் சிறியது. குறுக்கீடு மிகப் பெரியது. அந்த அளவீட்டை எவ்வாறு நம்பத்தக்கதாக ஆக்குவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தைராய்டு செல்லின் வாயில்

குருதியிலுள்ள அயோடைடைத் தைராய்டு செல்லுக்குள் கொண்டுசேர்ப்பது சோடியம்-அயோடைடு கடத்தி என்னும் புரதம். பருமனிலும் மின்சுமையிலும் அயோடைடை ஒத்த பெர்குளோரேட், அப்புரதத்தை ஏறத்தாழ முப்பது மடங்கு வலுவாகப் பற்றி அயோடைடின் வழியை அடைக்கிறது. அயோடின் குறைந்தால் தைராக்சின் உற்பத்தி குறையும். கருவின் சொந்தத் தைராய்டு செயல்படத் தொடங்கும் வரை அதன் மூளை வளர்ச்சி தாயின் தைராக்சினையே நம்பியிருப்பதால், கருவுற்ற பெண்கள் இவ்வகை ஆய்வில் முதலிடம் பெற வேண்டியவர்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பிளவுண்டு குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 2,820 பேரின் சிறுநீரிலும் பெர்குளோரேட் காணப்பட்டது. சிறுநீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கும் குறைவாக அயோடின் இருந்த பெண்களிடம், பெர்குளோரேட் கூடக் கூடத் தைராக்சின் குறைந்திருந்தது. ஆகவே பெர்குளோரேட்டை மட்டும் அளந்து அயோடைடை அளக்காத ஆய்வு பாதி ஆய்வே. புகைபிடிப்போர் உடலில் மிகும் தயோசயனேட்டும், உரமிட்ட நிலங்களின் கிணற்று நீரில் மிகும் நைட்ரேட்டும் அதே கடத்திக்குப் போட்டியிடுவன. இவற்றையும் ஒரே மாதிரியில் அளப்பது நலம்.

ஒரே நிறை, இரு அயனிகள்

பெர்குளோரேட் அயனியின் நிறை 99. நிறமாலைமானியின் முதல் பகுதி இந்நிறையுள்ள அயனியைத் தேர்ந்தெடுக்கும். அடுத்த பகுதியில் அது வளிம மூலக்கூறுகளோடு மோதி ஓர் ஆக்சிசனை இழந்து 83 ஆகும். 99இலிருந்து 83 என்னும் இத்தடத்தைக் கொண்டே அளவு கணிக்கப்படுகிறது.

சிக்கல் கந்தகத்தில் இருக்கிறது. இயற்கைக் கந்தகத்தில் நூற்றுக்கு நான்கு பங்கு நிறை எண் 34 உடையது. அது இடம்பெறும் ஐதரசன் சல்பேட்டு அயனியின் நிறையும் 99; அதுவும் ஆக்சிசனை இழந்து 83 ஆகும். சிறுநீரில் சல்பேட்டு பெர்குளோரேட்டைவிட இலட்சக்கணக்கான மடங்கு மிகுதி. கந்தகம் புழங்கும் சிவகாசியின் நீர் மாதிரிகளிலும் இக்குறுக்கீட்டை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும். அயனி நிறப்பிரிகையால் இரண்டையும் முன்னரே பிரித்தல் முதற்காப்பு: சல்பேட்டு முந்தியும் பெர்குளோரேட் பிந்தியும் வெளிவரும்.

இரண்டாம் காப்பைக் குளோரினே தருகிறது. அதன் இரு ஐசோடோப்புகளான 35, 37 ஆகியவை இயற்கையில் ஏறத்தாழ 3.1க்கு 1 என்னும் விகிதத்தில் உள்ளன. எனவே 99–83 தடத்தின் குறிகைக்கும் 101–85 தடத்தின் குறிகைக்கும் அதே விகிதம் இருக்க வேண்டும். சல்பேட்டு கலந்திருப்பின் விகிதம் உயரும். இவ்விகிதத்தைத் தராமல் அளவை மட்டும் தரும் அட்டவணையை ஐயத்தோடு நோக்குவதே முறை.

மூன்றாவது, ஐசோடோப்பு நீர்த்தல். நான்கு ஆக்சிசனும் நிறை எண் 18 உடையனவாக அமைந்த பெர்குளோரேட்டை, நிறை 107, அறிந்த அளவில் மாதிரியில் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். வடிகட்டலில் இழப்பு நேரினும், உப்புகளால் குறிகை தாழினும், இரண்டும் ஒருசேரத் தாழும், விகிதம் மாறாது.

தைராக்சினின் அருமை

பெர்குளோரேட் உடலில் உருமாறுவதில்லை. அதன் விளைவைக் காட்டும் வளர்சிதைப்பொருள் தைராக்சின். குருதி ஊநீரில் லிட்டருக்குச் சுமார் 100 நானோமோல் தைராக்சின் உண்டு. புரதங்களோடு பிணையாமல் தனித்துலவுவது அதில் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. அப்பங்கை நுண்சவ்வின் வழியே சமநிலையில் பிரித்தெடுத்த பின்னரே நிறமாலைமானியில் அளக்க வேண்டும்.

ஓர் அயோடின் குறைந்த டிரைஅயோடோதைரோனின் அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 2 நானோமோல். மாதிரியைக் கையாளும்போது தைராக்சினில் நூற்றில் ஒரு பங்கு ஓர் அயோடினை இழந்தாலும் 1 நானோமோல் பொய்யாகக் கூடிவிடும். ஆகவே அஸ்கார்பிக் அமிலம் போன்ற ஆக்சிசனேற்றத் தடுப்பிகள் சேர்க்கப்படுகின்றன. கார்பன் 13ஆல் குறியிட்ட தைராக்சினைச் சேர்த்து, அதே குறியுடைய டிரைஅயோடோதைரோன் தோன்றுகிறதா எனவும் பார்க்கலாம். அளவுத் திட்டத்திற்குச் சேர்க்கும் டிரைஅயோடோதைரோனின் குறி அப்போது வேறாக இருத்தல் வேண்டும். நிறை ஒத்த எதிர் டிரைஅயோடோதைரோனை நிறப்பிரிகையால் மட்டுமே தெளிவாக விலக்க இயலும். எலியின் மூளைத் திசுவில் இவற்றை அளப்பதாயின், அயோடின் நீக்கும் நொதிகள் வெட்டியெடுத்த பின்னும் செயல்படும் என்பதால், திசுவை உடனே திரவ நைட்ரசனில் உறையவைக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் நேரம்

உடலிலுள்ள பெர்குளோரேட்டில் பாதி ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் வெளியேறிவிடுகிறது. ஒருமுறை எடுத்த சிறுநீர் நேற்றைய கதையை மட்டுமே சொல்லும். ஆலை விடுமுறைக்கு மறுநாள் காலை எடுத்த மாதிரியையும் வேலைநாள் மாலை எடுத்த மாதிரியையும் ஒரே அட்டவணையில் கலப்பது பொருந்தாது. ஒருவரிடமே பல நாள் எடுப்பதும், கிரியாட்டினினோடு ஒப்பிட்டுச் செறிவைத் திருத்துவதும் இன்றியமையாதவை. மாதிரிக் குப்பிகளை அவ்வூர் நீரால் கழுவலாகாது. தூயநீர் நிரப்பிய வெற்றுக் குப்பி ஒன்றும் ஒவ்வொரு களத்திற்கும் உடன் சென்று, மாதிரிகளோடு திரும்பி, அவற்றோடு ஒன்றாகவே அளக்கப்பட வேண்டும்.