கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி
ஸ்டான்லி அரசு மருத்துவமனை, சென்னை

1780இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகச் சமவெளிக்குள் நுழைந்தன. வயல்கள் அழிந்தன, பஞ்சம் வந்தது. பிழைக்க வழி தேடி ஊர் ஊராக மக்கள் சென்னைக்கு வந்தார்கள். அவர்களுக்காக 1782இல் கோட்டை நகரின் வடக்கே ஒரு கஞ்சி மையம் திறக்கப்பட்டது. மணியக்காரர் ஒருவரின் பொறுப்பில் இருந்ததால் அது மணியக்காரர் சத்திரம் ஆனது.

பசியோடு நோயும் வந்தது. 1799இல் மருத்துவர் ஜான் அண்டர்வுட் இந்திய ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் அதுவும் சத்திரமும் ஒன்றாக நிர்வகிக்கப்பட்டன. ஊரார் இதைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்தார்கள்.

இங்கிலாந்திலும் இதே பாதை உண்டு. 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உதவி கேட்டு வந்த ஏழைகள் வேலை இல்லங்களில் தங்கி உழைக்க வேண்டியிருந்தது. 1948இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது அவற்றில் பல மருத்துவமனைகளாயின.

சென்னையில் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியில் 1933இல் மருத்துவப் பள்ளி தொடங்கி வைக்கப்பட்டது. 1934இல் அன்றைய ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1938இல் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. அதேபோல், ஸ்டான்லியை அடுத்து ஆளுநரான எர்ஸ்கினின் பெயரை மதுரைப் பெரியாஸ்பத்திரி தாங்கியது. இன்று அது அரசு ராஜாஜி மருத்துவமனை.

ராயபுரத்திலுள்ள ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவமனையுடன் இணைந்து இயங்குகிறது. மணியக்காரர் சத்திரமும் மறையவில்லை. அருகிலேயே ஆதரவற்ற முதியோருக்கான இல்லமாக நடந்துவருகிறது.