ஒரு சொல், இரண்டு நிறம்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து ‘டக்... டக்...’ என்று தறிச் சத்தம் வரும். அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் ஒருநாள் போய் உட்கார்ந்தேன். உள்ளே குழித்தறியில் ஒரு தாத்தா நெய்துகொண்டிருந்தார். அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி, முதுகுப் பையைக்கூட இறக்காமல் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“தாத்தா, இந்தச் சேலை நீலம்னுதானே காலையில சொன்னீங்க? பச்சையா இருக்கே!”

“இந்தப் பக்கம் வந்து பாரு, கண்ணு.”

அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். பச்சை நீலமாகிவிட்டது! மறுபடி அந்தப் பக்கம் ஓடினாள். நீலம் பச்சையாகிவிட்டது!

“இதுக்குப் பேரு மயில்கழுத்து. பாவு நீலம், ஊடை பச்சை. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. நீ நிக்கிற இடம்தான் மாறுது” என்றார் தாத்தா.

குழந்தைகளே, நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. பட்டு இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். அதனால்தான் அது கண்ணாடிபோல ஒளியைத் திருப்பி அனுப்பிப் பளபளக்கிறது. பாவு இழைகள் ஒரு திசையிலும் ஊடை இழைகள் வேறொரு திசையிலும் ஒளியை அதிகமாகத் திருப்பும். எந்த இழையின் ஒளி உங்கள் கண்ணுக்கு வருகிறதோ, அந்த நிறம் தெரியும்.

துணியில் இருப்பதுபோலவே இந்த மயில்கழுத்து மொழியிலும் இருக்கிறது. ஒரே சொல் இரண்டு பொருள் காட்டினால் அதற்குச் சிலேடை என்று பெயர். தாத்தாவின் தறியைப் பார்த்துக்கொண்டே நான் கட்டிய பாட்டு இது:

பாடு பட்டு நெய்த பட்டு,
பந்தியிலே சாம்பார் பட்டு,
பாட்டி கண்ணில் அதுவும் பட்டு,
பையன் நின்றான் குட்டுப் பட்டு!

இதில் எத்தனை ‘பட்டு’ என்று எண்ணுங்கள். ஐந்து! ஆனால் சேலையாக உடுத்தக்கூடியது ஒன்றுதான். மற்ற நான்கும் எங்கிருந்து வந்தன?

‘விடு’ என்பது ‘விட்டு’ ஆகிறது. ‘சுடு’ என்பது ‘சுட்டு’ ஆகிறது. அதே வழியில் ‘படு’ என்பது ‘பட்டு’ ஆகிறது. வினைச்சொல் தன் இலக்கண வழியில் போய்க்கொண்டிருக்கும்போது, எதிரே வந்த பட்டுத்துணியோடு மோதிக்கொண்டது. ஒரே ஒலிக்கு இரண்டு பொருள் வரும் முதல் வழி இது. இருவருக்கும் உறவில்லை, முகம் மட்டும் ஒன்று.

இரண்டாவது வழியில் உறவு உண்டு. ‘நூல்’ என்றால் இழை. ‘நூல்’ என்றால் புத்தகமும்தான். சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணத்தின் பெயரே நன்னூல். அதில் அவர் ஒரு படம் வரைந்ததுபோலச் சொல்கிறார்: சொற்கள்தாம் பஞ்சு, புலவர்தாம் நூற்பவர், அவருடைய அறிவுதான் நூற்கும் கதிர். பஞ்சிலிருந்து இழை வருவதுபோலச் சொல்லிலிருந்து நூல் வருகிறது. ஒப்புமை பார்த்து ஒரு சொல்லுக்கு இன்னொரு வேலையும் கொடுத்துவிட்டார்கள் நம் முன்னோர்.

மூன்றாவது வழியைப் பார்க்கச் சின்ன காஞ்சிபுரம் கோயிலுக்கே போகலாம். வரதராஜர் சந்நிதி இருக்கும் குன்றுக்கு அத்திகிரி என்று பெயர். வடமொழியில் ஹஸ்தி என்றால் யானை. கிரி என்றால் மலை. ஹஸ்தி தமிழ் வாய்க்குப் பழகி அத்தி ஆயிற்று. ஆனால் தமிழில் ஏற்கெனவே ஓர் அத்தி இருக்கிறதே, அத்திமரம்! கோயில் குளத்துக்குள் இருந்து 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வரும் அத்தி வரதரின் திருமேனி அத்திமரத்தால் ஆனது. 1979இல் வந்தார், அதன்பின் 2019இல் 48 நாள் காட்சி தந்தார். குன்றின் பெயரில் யானை, குளத்தில் இருப்பது மரம். இரண்டுக்கும் ஒரே சொல். வெளியூரிலிருந்து ஒரு சொல் வந்து குடியேறும்போது இப்படியும் சிலேடை பிறக்கும்.

சரி, ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் நமக்கு ஏன் குழப்பம் வருவதில்லை? 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்தார். ஆங்கிலத்தில் ‘பக்’ என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்க ஒளித்துவைக்கும் சிறு கருவிக்கும் அதுதான் பெயர். பூச்சியைப் பற்றிய வாக்கியம் ஒன்றைக் கேட்கச் செய்து, அந்தச் சொல் வந்த நொடியில் திரையில் ஒரு வார்த்தையைக் காட்டினார். ‘எறும்பு’ என்று காட்டினாலும் ‘உளவாளி’ என்று காட்டினாலும் மக்கள் இரண்டையுமே விரைவாக அடையாளம் கண்டார்கள். அதாவது, இரண்டு பொருளும் மூளையில் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன! மூன்று அசை தள்ளிச் சோதித்தபோது பூச்சி மட்டுமே விழித்திருந்தது. உளவாளி தூங்கப் போய்விட்டான்.

அடுத்த ஆண்டு, 1980இல், மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற இருவர் தலையில் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். “சூடான இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அம்மா சீப்பு கொடுத்தாள்” என்பதுபோல, கடைசியில் பொருந்தாத சொல் வரும் வாக்கியங்களைப் படிக்கச் சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கண்ட சுமார் 400 மில்லிவினாடியில், அதாவது அரை நொடிக்குள், மூளையில் ஒரு தனி அலை எழுந்தது. “என்னது, சீப்பா?” என்று மூளை திடுக்கிடும் அலை அது.

சிலேடை இந்த இரண்டையும் வைத்துத்தான் விளையாடுகிறது. முதலில் மூளையை ஒரு பொருளில் நம்பவைக்கும். பிறகு, தூங்கப் போன இன்னொரு பொருளைத் தட்டி எழுப்பும். அட, இதுவும் பொருந்துகிறதே என்று நாம் கண்டுபிடிக்கும்போது சிரிப்பு வருகிறது.

இந்த விளையாட்டுக்கு விதி எழுதியவரும் காஞ்சியோடு தொடர்புடையவர்தான். பல்லவர் காலத்தில் இங்கே வாழ்ந்த தண்டி, கவிதையின் அணிகளைப் பற்றி வடமொழியில் ‘காவியாதர்சம்’ எழுதினார். அதைத் தழுவித் தமிழில் ‘தண்டியலங்காரம்’ வந்தது. அது சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்துப் பார்த்தால் வேறு பொருள் தந்தால் பிரிமொழிச் சிலேடை.

15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த காளமேகப் புலவர் இரண்டிலும் வல்லவர். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுக்குள் பாடினார்! சின்ன காஞ்சிபுரத்துக் கருடசேவையைப் பற்றியும் அவர் பாடியதாக ஒரு வெண்பா உண்டு. கருடன்மேல் பெருமாள் பவனி வருவதைப் பார்த்து, ஐயோ, பருந்து தூக்கிக்கொண்டு போகிறதே என்று பதறுவதுபோலப் பாடியிருக்கிறார். மேலே பார்த்தால் கேலி, உள்ளே பார்த்தால் பக்தி. அதுவும் மயில்கழுத்துதான்!

பிரிமொழிச் சிலேடையை நீங்களே சோதிக்கலாம். ‘தறிக்கு வேண்டும் பலகை.’ நெசவாளர் உட்காரப் பலகை வேண்டும், சரி. ‘பல கை’ என்று பிரித்தாலும் சரிதான். சேலையின் உடலும் கரையும் வேறு நிறமாக இருக்கும் கோர்வைச் சேலைக்கு, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும்; நெய்பவரோடு இன்னொருவரும் உட்கார்ந்து நாடாவைத் தள்ளுவார்.

இப்போது தொண்டையில் விரலை வைத்து, முதலில் ‘பலகை’ என்று சொல்லுங்கள். அதிர்வு விடாமல் தொடரும். பிறகு ‘பல கை’ என்று சொல்லுங்கள். ‘கை’ தொடங்கும் இடத்தில் அதிர்வு ஒரு கணம் நின்று வரும். எழுத்து ஒன்றுதான், குரல்நாண்கள் செய்யும் வேலை இரண்டு. அதனால் இந்தச் சிலேடை காதைவிடக் கண்ணுக்குத்தான் நன்றாகப் பொருந்தும்.

இன்னொன்றும் செய்யுங்கள். ஒரு தாளை விசிறிபோல மடியுங்கள். இடப்பக்கம் பார்க்கும் மடிப்புகளுக்கெல்லாம் நீலம், வலப்பக்கம் பார்க்கும் மடிப்புகளுக்கெல்லாம் பச்சை பூசுங்கள். முதலில் ஒரு பக்கமிருந்தும், பிறகு மறுபக்கமிருந்தும் பாருங்கள். உங்கள் மேசையிலேயே ஒரு மயில்கழுத்து!

சிலேடை கட்ட ஆசையா? இரண்டு பொருளும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று தெரியாவிட்டாலும் சிரிப்பு வராது. அதனால் வீட்டில், கடையில், தறியில், சமையலறையில் கேட்கும் சொற்களையெல்லாம் சேர்த்து வையுங்கள். அவை உங்கள் பஞ்சு.

நான் கிளம்பும்போது தாத்தா பேத்தியிடம், “கண்ணு, அந்த நூலை எடுத்துட்டு வா” என்றார். அவள் பைக்குள் கையை விட்டு, தன் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

“இந்தாங்க தாத்தா, நூல்!”

தாத்தா புத்தகத்தைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். பிறகு தறியை நிறுத்திவிட்டு, குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.