நோயைக் கேள்வி கேட்கும் படிப்பு

2022 டிசம்பர். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலினக் குழந்தைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். குடிநீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவமனையில். தொட்டியில் ஏறிப் பார்த்தால், தண்ணீரில் மனித மலம்.

வயிற்றுப்போக்குக்கு மருந்து தருவது மருத்துவம். இந்தக் குழந்தைகளுக்கு ஏன் இந்தத் தண்ணீர் என்று கேட்பது மருத்துவச் சமூகவியல்.

1848-ல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஹோ, மேல் சிலேசியாவில் பரவிய டைஃபஸ் காய்ச்சலை ஆராயப் போனார். வறுமை, கல்வியின்மை, உரிமையின்மை ஆகியவையே அதன் வேர் என்று எழுதினார். மருந்தோடு கல்வியும் மக்களாட்சியும் வேண்டும் என்றார்.

நம் கேள்விகளும் அவைதான். மலக்குழியில் மூச்சடைத்துச் சாவது யார்? 2013-ல் சட்டம் வந்த பிறகும் அந்தச் சாவு ஏன் நிற்கவில்லை? சேரிக்கு வரும் செவிலியர் வீட்டுக்குள் வருகிறாரா, வாசலிலேயே நிற்கிறாரா?

கல்லூரிகளில் பி.ஏ. சமூகவியல் இருக்கிறது. மேற்படிப்புக்கு, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சமூக மருத்துவத்துக்கென்றே தனி மையம் உண்டு. மருத்துவ இடம் கிடைக்கவில்லை என்று முடங்கும் நம் பிள்ளைகள் இந்தப் பக்கமும் பார்க்கட்டும்.

மற்றவர்கள் புத்தகத்தில் படிப்பதை நாம் வாழ்ந்திருக்கிறோம். அதை ஆய்வாக எழுதவும் நாமே போவோம்.