போனால் ஒன்றா, போய் வந்தால் ஒன்றா?

நீச்சல் குளத்தில் 'லேப்' என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு கணக்குகள். எது சரி?

கோவையிலிருந்து ஆனைகட்டிக்குப் போகும் பஸ்ஸில் கணக்குத் தகராறு கிடையாது. தமிழக-கேரள எல்லையில் இருக்கும் அந்த ஊரைப் போய்ச் சேர்ந்தால் ஒரு சிங்கிள். திரும்பி வந்தால் இன்னொரு சிங்கிள். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தெளிவாக இருக்கும் இந்தக் கணக்கு, நீச்சல் குளத்தில் குழம்பிவிடுகிறது.

''பத்து லேப் அடி'' என்று பயிற்சியாளர் சொல்கிறார். எவ்வளவு தூரம்? 50 மீட்டர் குளத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவதை ஒரு லேப் என்று கொண்டால் 500 மீட்டர். போய்த் திரும்புவதுதான் லேப் என்றால் 1,000 மீட்டர். 25 மீட்டர் குளத்தில் இதே பத்து லேப் 250 அல்லது 500 மீட்டர் ஆகிவிடும். ஆக, ஒரே உத்தரவுக்கு மூன்று தூரங்கள். பழகிய நீச்சல்காரருக்கு இது வேடிக்கை. இப்போதுதான் நீந்தக் கற்ற சிறுவனுக்கோ, டாக்டர் சொன்னதால் ஐம்பது வயதில் குளத்தில் இறங்கியவருக்கோ அப்படியல்ல. இரண்டு மடங்கு தூரம் என்பது அவர்களுக்கு மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம்.

குழப்பத்தின் வேர் ஓட்டப் பந்தயத் தடத்தில் இருக்கிறது. 400 மீட்டர் தடத்தில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் ஒரு லேப். தமிழில் நாம் 'சுற்று' என்கிறோம். சுற்று என்றாலே தொடங்கிய இடத்துக்கு வந்தாக வேண்டும். ஆனால் குளத்தில் யாரும் சுற்றுவதில்லை. நேர்கோட்டில் போகிறார்கள், சுவரைத் தொட்டுத் திரும்புகிறார்கள்.

சர்வதேச விதிகள் என்ன சொல்கின்றன? 'ஃபினா' என்ற பெயரில் நெடுங்காலம் இயங்கி, இப்போது 'வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ்' என்று அழைக்கப்படும் சம்மேளனத்தின் விதிகளில் விடை ஒளிந்திருக்கிறது. 800, 1,500 மீட்டர் போட்டிகளில் இன்னும் எத்தனை லேப் பாக்கி என்பதை நீந்துபவருக்குக் காட்ட எண் அட்டைகள் பயன்படுகின்றன. புறப்படும் முனைக்கு எதிர்முனையில் காட்டப்படும் இந்த அட்டைகளில் ஒற்றைப்படை எண்கள் மட்டுமே இருக்கும். 50 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டர் என்றால் 30 முறை குளத்தைக் கடக்க வேண்டும். முதல் முறை எதிர்முனையைத் தொடும்போது பாக்கி 29. அடுத்து அங்கே வரும்போது 27. போய் வருவதுதான் லேப் என்றால் இந்தக் கணக்கு வரவே வராது. ஆகவே போட்டி உலகில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாலே ஒரு லேப்.

அந்த லேப் செல்லுபடியாக, சுவரைத் தொட்டாக வேண்டும். ஃப்ரீஸ்டைலில் உடலின் எந்தப் பகுதி பட்டாலும் போதும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளையில் இரு கைகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். தவறினால் தகுதி நீக்கம்.

குளத்தின் நீளமே பதக்கத்தின் மதிப்பைக் கேள்விக்குள்ளாக்கியதும் உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தனிநபர் மெட்லியில் ஸ்வீடனின் குன்னார் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை ஒரு விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் வென்றார். அந்த நேரத்தில் ஒருவர் நீந்தக்கூடிய தூரம் சில மில்லிமீட்டர்தான். குளம் கட்டும்போது ஒரு பாதைக்கும் இன்னொரு பாதைக்கும் அதைவிட அதிக வித்தியாசம் வரலாம். பிறகு விதி மாறியது. நூறில் ஒரு பங்கு விநாடி வரை மட்டுமே கணக்கு. அதுவும் சமமானால் பதக்கம் இருவருக்கும்.

குளத்துக்குச் சுவர் உண்டு. கடலுக்கு? அங்கே கரைதான் சுவர். 1994இல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன் செய்தது ஒருவழிப் பயணம். வல்வெட்டித்துறைக்காரரான 'ஆழிக்குமரன்' ஆனந்தன் 1971இல் பாக் நீரிணையில் செய்தது இருவழி: இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கு வந்து, மீண்டும் இலங்கைக்கே நீந்தித் திரும்பினார். ஆன நேரம் 51 மணி. இவை இரண்டையும் 'ஒரு லேப்' என்று ஒரே சொல்லில் அடக்கினால் யாருக்கு நியாயம்? நெடுந்தூரக் கடல் நீச்சலில் ஒருவழி, இருவழி என்று பிரித்தே பதிவு செய்கிறார்கள். ஆங்கிலக் கால்வாயில் இருவழி நீந்துபவர் எதிர்க்கரையில் நிற்க 10 நிமிடம்தான் அவகாசம். பிறகு நீரில் இறங்கியாக வேண்டும்.

பயிற்சிக் குளங்களில் மட்டும் பழைய குழப்பம் தொடர்கிறது. போய் வருவதையே லேப் என்று எண்ணிப் பழகியவர்களை அகராதியைக் காட்டி மாற்ற முடியாது. ஆங்கில அகராதிகளே இரண்டு பொருளையும் ஏற்கின்றன. தப்பிக்க வழி எளிது. பயிற்சியாளர் லேப் கணக்கில் சொன்னால், ''எத்தனை மீட்டர்?'' என்று கேட்டுவிட்டு நீரில் இறங்குவது நல்லது. மீட்டருக்கு இரண்டு அர்த்தம் கிடையாது.