பூனையின் நகத்தை வீட்டில் வெட்டும் முறை

ஊரில் வளவும் மரமும் இருந்த காலத்தில் பூனையின் நகத்தைப் பற்றி எவரும் யோசித்ததில்லை. அது மரத்தில் கீறும். பழைய உறை கழன்று விழும். மருதானையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுக்கும்போது, பூனையும் பிள்ளைகளின் பாயில்தான் படுக்கிறது. கீறல்கள் அதனால் கூடுகின்றன.

கீறலை அற்பமாக எண்ணலாகாது. இலங்கையில் நீர்வெறுப்பு நோய் நாய்க்கு அடுத்தபடியாகப் பூனைகளிலேயே அதிகம் காணப்படுகிறது. பூனை தன் பாதத்தை நக்குவதால் உமிழ்நீர் நகத்திலும் படிந்திருக்கும். தெள்ளுள்ள குட்டி கீறினால் கக்கத்தில் நெறி கட்டிக் காய்ச்சல் வருவதும் உண்டு.

எல்லாப் பூனைக்கும் நகம் வெட்ட வேண்டியதில்லை. வெளியே திரிந்து எலி பிடிக்கும் பூனைக்கு, நாய் துரத்தினால் மதிலேற நகம் வேண்டும். அதை விட்டுவிடுங்கள். அறைக்குள்ளேயே வளரும் பூனைக்கே இது தேவை.

உண்டு களைத்துத் தூங்கி விழும் வேளை நல்லது. ஒருவர் பழைய துவாயால் சுற்றி மடியில் வைத்திருக்க, மற்றவர் ஒரு காலை மட்டும் வெளியே எடுக்கலாம். விரலின் மேலும் கீழும் மெல்ல அமர்த்தினால் உள்ளே மடங்கியிருக்கும் நகம் வெளிவரும். நுனி வெள்ளையாக இருக்கும். அடியில் இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தமும் நரம்பும் உள்ள பகுதி. வெளிச்சத்தில் பார்த்து, சிவப்புக்கு ஒரு நெல்மணி அகலம் முன்பாகவே வெட்டுங்கள். கூரான சிறு நகவெட்டி போதும். மழுங்கியது நகத்தை நசுக்கிவிடும். அதைப் பூனைக்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

முன்காலின் உட்பக்கம் சற்று மேலே ஐந்தாவது நகம் ஒன்றுண்டு. நிலத்தில் படாததால் அது தேயாது. வளைந்து தோலிலேயே குத்திவிடும். பலர் மறப்பது இதைத்தான். பின்கால் நகங்களைப் பெரும்பாலும் தொட வேண்டியதில்லை.

பூனை திமிறினால் விட்டுவிடுங்கள். இன்று இரண்டு நகம், நாளை இரண்டு. தவறி இரத்தம் வந்தால் கோதுமை மாவைத் தொட்டு, சுத்தமான துணியால் சில நிமிடம் அமர்த்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை வெட்டினால் போதுமானது.

பூனை கீறிவிட்டாலோ கடித்துவிட்டாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தடுப்பூசிக்கு அங்கே பணம் கேட்கமாட்டார்கள். சுண்ணாம்பு, கோப்பித்தூள் பூசிக் காத்திருக்க வேண்டாம். நீர்வெறுப்பின் அறிகுறி தோன்றிய பின் மருந்தில்லை.